மயிற்பொறியில் ஏறிய ராணி

பாலவாக்கம் கடற்கரையில் சாயங்கால வேளைகளில் கூடுகிற சின்னக் கோஷ்டி ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், கட்டுமரத்தை விட்டுவிட்டு மோட்டார் படகுக்கு மெக்கானிக்காகிவிட்ட குப்பத்து நண்பர் ஒருவர், கதை எழுதுகிறவன் என்ற குற்றத்துக்காக எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவனாக நான். 2024ஆம் வருஷம் ஜூன் 27ஆம் தேதி 'கல்கி 2898 ஏ.டி.' என்ற படம் வெளிவந்ததல்லவா? அதற்கு அடுத்த வாரம் எங்கள் மணல் மேட்டில் நடந்த விவாதத்தைக் கேட்டிருந்தால் அலைகளே சற்று நின்று கவனித்திருக்கும்.

"எல்லாம் இங்கிலீஷ்காரன் படத்திலிருந்து எடுத்தது, சார். பறக்கிற வண்டி, இரும்புச் சிப்பாய், இருண்டுபோன நகரம் எல்லாம் நாற்பது வருஷமாக அங்கே அரைத்த மாவு" என்றார் பாங்கிக்காரர்.

"இங்கிலீஷ்காரன்தான் நம்மிடமிருந்து எடுத்தான்" என்றார் கணக்கு வாத்தியார். "புஷ்பக விமானம் இல்லையா? பிரம்மாஸ்திரம் இல்லையா? நம்மிடம் எல்லாமே இருந்தது. ஏட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்."

மெக்கானிக் நண்பர் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "அந்த புஜ்ஜின்னு ஒரு வண்டி வருதே, அது நெசமாவே ஓடுற வண்டியா சார், இல்லே கம்ப்யூட்டர் படமா?"

ஓடுகிற வண்டிதான் என்றேன். மஹிந்திரா கம்பெனியும் கோயம்புத்தூர் ஜெயெம் பட்டறையும் சேர்ந்து செய்தது. ஆறு டன் எடை. அவருக்குப் பரம திருப்தி. மூன்று பேரில் சரியான கேள்வி கேட்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. யார் செய்தார்கள், எதனால் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள்? இயந்திரங்கள் வருகிற கதைகளைப் பற்றிக் கேட்க வேண்டியது இதைத்தான். எடுத்தவன் யார், கொடுத்தவன் யார் என்ற வழக்கை நடத்திக்கொண்டிருந்தால் கதையே கண்ணில் படாமல் போய்விடும்.

இந்த ரகப் படங்களுக்கு மேனாட்டில் 'சைபர்பங்க்' என்று பெயர். புரூஸ் பெத்கே என்ற அமெரிக்கர் 1983இல் ஒரு சிறுகதைக்கு வைத்த தலைப்பு அது. அடுத்த வருஷமே வில்லியம் கிப்ஸன் 'நியூரோமான்ஸர்' என்ற நாவலை எழுதினார், பெயர் நிலைத்துவிட்டது. இயந்திரம் வானளாவ வளர்ந்து, மனுஷ்ய வாழ்க்கை சாக்கடை மட்டத்துக்கு இறங்கிவிட்ட ஒரு வருங்கால நகரம்: இதுதான் அந்தக் கதைகளின் பொது இலக்கணம். ஆனால் வார்த்தையின் முதல் பாதி ரொம்பப் பழையது. நார்பர்ட் வீனர் என்ற கணித மேதை 1948இல் 'சைபர்னெடிக்ஸ்' என்று தன் புத்தகத்துக்குப் பெயர் வைத்தபோது, கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனுக்கு உள்ள பெயரிலிருந்து அதை உண்டாக்கினார். நம் பழந்தமிழில் மீகாமன் என்கிறோமே, அந்த ஆசாமிதான். ஆக, எங்கள் கோஷ்டியில் சைபர் சம்பந்தமான விஷயங்களைப் பேச முதல் உரிமை படகு மெக்கானிக்குக்கே உண்டு.

கிரேக்கர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கிரீட் தீவை ஒரு வெண்கல மனிதன் காவல் காத்தான். பெயர் தாலோஸ். தேவலோகத்துக் கருமான் ஹெபீஸ்தஸ் செய்தது. தினம் மூன்று தடவை தீவைச் சுற்றி ஓடுவான்; அந்நியக் கப்பல் தெரிந்தால் பாறையைப் பெயர்த்து எறிவான். அவன் உடம்பில் ஒரே ஒரு நரம்பு. அதற்குள் தேவர்களின் ரத்தம். கணுக்காலுக்கருகே அந்த நரம்புக்கு ஓர் அடைப்பு. அதைப் போக்கிவிட்டால் ரத்தம் உருக்கிய ஈயம்போல ஒழுகி, மலை போன்ற உருவம் சாய்ந்துவிடும். மீடியா என்ற மந்திரக்காரி அவனை அப்படித்தான் வீழ்த்தினாள். இந்தக் கதையை அப்பொல்லோனியஸ் என்ற கவி கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் பாடியிருக்கிறான்.

அதே கருமானைப் பற்றி அதற்கு வெகு காலம் முன்பு ஹோமர் பாடியதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஹெபீஸ்தஸுக்குக் கால் ஊனம். தான் நடக்கும்போது தாங்கிக்கொள்வதற்காகப் பொன்னால் பெண்களைச் செய்துகொண்டான். அவர்களுக்கு அறிவு உண்டு, பேச்சு உண்டு. இலியத்தின் பதினெட்டாம் பாகத்தில் அவர்கள் தோளைப் பிடித்தபடி அவன் நொண்டி நொண்டி வெளியே வருகிறான். எதற்காக வருகிறான்? வாசலில் ஒரு தாய் வந்து நிற்கிறாள். அகில்லஸின் தாய் தெத்திஸ். தன் மகன் சீக்கிரம் சாகப் போகிறவன் என்று தெரிந்தும், அவனுக்குக் கவசம் செய்து தரச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறாள். உலகத்தில் முதல் முதலாகச் சிந்திக்கிற இயந்திரம் வருகிற கட்டத்திலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாயும் நிற்கிறாள். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கிரேக்கர்களும் அவர்களுக்குப் பின் வந்த ரோமானியர்களும் நமக்கு யவனர்கள். பாலவாக்கத்தில் என் வீட்டு வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலே தெற்கே போனால் மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, அதற்கப்புறம் அரிக்கமேடு. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் துரை தோண்டியபோது ரோமாபுரி மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பாத்திரங்களும் கிடைத்தன. வடக்கே பத்து கிலோமீட்டர் போனால் மயிலாப்பூர். தாலமி தன் பூகோளத்தில் 'மலியார்பா' என்று குறித்தது இதைத்தான் என்பது அறிஞர்கள் கருத்து. மிளகு ஏற்றப் போன கப்பலும் பொன் கொண்டுவந்த கப்பலும் இந்தக் கரையை ஒட்டியே போயிருக்கும்.

சரக்கு வந்தது, சரக்கோடு கைத்தொழிலும் வந்தது. மதுரைக் கோட்டை வாசலில் யவனர்கள் வாளோடு நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. பாசறையில் அரசனுக்குக் கூடாரம் அமைத்த யவனர்கள் முல்லைப்பாட்டில் வருகிறார்கள். அதே பாட்டில் தண்ணீரை அளந்து நேரம் சொல்லும் நாழிகை வட்டிலும் வருகிறது. மணிமேகலையில் சோழ மன்னனின் பூங்காவில் ஒரு மண்டபம். அதைக் கட்டினவர்கள் யார் என்று சாத்தனார் ஜாபிதா போடுகிறார்: மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவன நாட்டுத் தச்சர், இவர்களோடு கூடி வேலை செய்த தமிழ்க் கைவினைஞர். 'எல்லாம் எங்கள் ஆள்தான் செய்தான்' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அந்தக் கவிக்கு ஏற்படவில்லை. நல்ல வேலை நடக்கிற இடத்தில் நாலு ஊர்க்காரனும் இருப்பான் என்பது அவருக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்கிறது.

நெடுநல்வாடையில் வருகிற யவனப் பாவையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வாடைக்காற்று வீசுகிறது. பாண்டியன் போர்க்களத்தில் இருக்கிறான். நடுநிசியில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அரண்மனையில் அரசி தந்தக் கட்டிலில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அங்கே விளக்கு எப்படி எரிகிறது? யவனர் செய்த ஒரு பெண் பதுமை, ஏந்திய கையில் அகலை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் நெய் வார்த்து ஏற்றியிருக்கிறார்கள். பதுமை நடக்கவில்லை, பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தனியாகக் கிடக்கிற ஒருத்திக்கு இரவு முழுவதும் கை வலிக்காமல் விளக்குப் பிடிக்க உலோகத்தால் ஆன ஒரு தோழி! ஹோமரின் பொற்பெண்களுக்கு இவள் தூரத்துத் தங்கை என்று எனக்குத் தோன்றும்.

இனி ஆயுதப் பொறிகள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் இயந்திரங்களை இளங்கோ அடுக்குகிறார். தானே வளைந்து அம்பு விடும் வில், நெருங்கினவனைக் கடிக்கும் குரங்குப் பொறி, கல்லை உமிழும் கவண், காய்ந்த எண்ணெய், உருக்கிய செம்பு என்று பட்டியல் நீளுகிறது. இந்தப் பட்டியலைப் பலர் எடுத்து எடுத்துப் பேசியிருக்கிறார்கள். எந்தச் சமயத்தில் வருகிறது என்பதைத்தான் அநேகமாக விட்டுவிடுவார்கள். இடைச்சி மாதரி, கண்ணகியைக் கையோடு அழைத்துக்கொண்டு சாயங்காலத்தில் கோட்டையைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போகிறாள். அப்போது வருகிறது. எத்தனை பொறி இருந்து என்ன? பின்னால் அந்த ஊரை எரிக்கப் போகிறவள் அத்தனைக்கும் நடுவிலே, களைத்துப்போய், சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு வில்லும் வளையவில்லை. ஒரு கவணும் கல் உமிழவில்லை. நாவல் எழுதுகிற எங்களுக்கெல்லாம் இளங்கோ காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

உதயணன் கதையில் வருகிற பொறி யானையைத் திராய் நகரத்து மரக்குதிரையோடு ஒப்பிடுவது வழக்கம். உதயணன் யாழ் வாசித்து யானைகளை வசப்படுத்துகிறவன். அவனைப் பிடிக்க உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனன் ஒரு யானையைச் செய்யச் சொல்லி, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்துக் காட்டில் விட்டான். யானைப் பைத்தியம் யாழோடு போய் மாட்டிக்கொண்டது. கொங்குவேளிரின் பெருங்கதையைச் சாமிநாதய்யர் 1924இல் அச்சிட்டபோது ஏட்டின் முற்பகுதி கிடைக்கவில்லை. ஆனாலும் கதை நாடறிந்தது. கிரேக்கர் குதிரையால் ஓர் ஊரைப் பிடித்தார்கள். நம் கதையில் யானையால் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார்கள். சிறைக்குப் போனவன் அந்த அரசன் மகளுக்கே யாழ் கற்றுக் கொடுத்து, கடைசியில் அவளோடு ஓடிப் போனான்.

யவனர் பொறி என்ற எண்ணம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குப் பர்மாவில் வழங்கிய 'லோகபஞ்ஞத்தி' என்ற பாலி நூலில் ஒரு கதை இருக்கிறது. ரோமாபுரி யவனர்களுக்கு இயந்திர மனிதர்களைச் செய்யும் ரகசியம் தெரியுமாம். அந்த ரகசியம் தெரிந்தவன் நாட்டை விட்டுப் போனால், பறக்கும் இயந்திரங்கள் துரத்திப் போய்க் கொன்றுவிடுமாம். பாடலிபுத்திரத்துக்காரன் ஒருவன் அங்கே பிறவி எடுத்து, இயந்திரத் தச்சனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு, ரகசியத்தைத் தன் தொடையைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு புறப்படுகிறான். இயந்திரங்கள் அவனைக் கொல்லுகின்றன. மகன் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு வந்து அஜாதசத்துரு மன்னனிடம் சேர்கிறான். புத்தரின் தாதுக்களைக் காக்க இயந்திர வீரர்கள் நிறுத்தப்படுகிறார்கள். பிறகு அசோகன் வந்து அவற்றை அடக்குகிறான். தொழில் ரகசியம், அதைக் கடத்துகிறவன், துரத்திக் கொல்லும் பறக்கும் பொறி: கிப்ஸனின் நாவலுக்குள் நுழைத்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். எழுதப்பட்டு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷங்கள் ஆகின்றன!

இங்கே கணக்கு வாத்தியார் குறுக்கிடுவார் என்று தெரியும். "பார்த்தீர்களா, அப்போதே இருந்திருக்கிறது" என்பார். இருந்தது கதை. அதுவே போதும் என்கிறேன் நான். போதாது என்று நினைக்கிறவர்கள்தான் 'வைமானிக சாஸ்திரம்' என்ற புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1974இல் அதை வரி வரியாக ஆராய்ந்தார்கள். அந்த நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அதில் படம் போட்டிருக்கிற விமானங்கள் பறக்கவும் மாட்டா என்று முடிவு சொன்னார்கள். இந்த முடிவால் வால்மீகிக்கு ஒரு குறைவும் இல்லை. வால்மீகியின் விமானம் பறக்க வேண்டிய இடத்தில் பறந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு இஞ்சின் நம்பர் கேட்கிறவன்தான் கவியை அவமதிக்கிறான்.

இனி நான் எந்தக் கதைக்காக இத்தனை சுற்றுச் சுற்றினேனோ, அங்கே வருகிறேன்.

திருத்தக்க தேவர் என்ற சமண முனிவர் சீவக சிந்தாமணியைப் பாடி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. சீவகன் கதை வடமொழியிலும் உண்டு. சச்சந்தன் என்ற அரசன் மனைவி விசயையிடம் கொண்ட மோகத்தில் ராஜ்ய பாரத்தை மந்திரி கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தில் உட்கார்ந்துவிட்டான். அசடு என்பதைத் தவிர வேறு வார்த்தை தோன்றவில்லை. விசயை கர்ப்பமானாள். ஒரு விடியற்காலையில் கனவு கண்டாள்: ஓர் அசோக மரம் முறிந்து விழுகிறது, அதன் அடியிலிருந்து முடியோடும் எட்டு மாலைகளோடும் ஒரு முளை கிளம்புகிறது. சச்சந்தனுக்குப் புரிந்துவிட்டது. மரம் தான், முளை பிள்ளை.

அசடனான அந்த ராஜா தன் வாழ்நாளிலேயே புத்திசாலித்தனமான ஒரு காரியம் அப்போது செய்தான். கோட்டையில் இன்னும் பத்துக் கவண் வைக்கச் சொல்லவில்லை. வளைவில்லுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. ஒரு கம்மியனைக் கூப்பிட்டு, பறக்கும் மயில் ஒன்று செய்யச் சொன்னான். அவன் துணியும் நூலும் பிசினும் அரக்கும் மெழுகும் இன்னும் வேண்டிய சாமான்களும் கொண்டு ஏழே நாளில் செய்து கொடுத்தான். கவனியுங்கள்: தேவர் மந்திரம் என்று சொல்லி நழுவிவிடவில்லை. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி சாமான்களை எழுதுகிறார். ஓட்டும் முறையையும் சொல்லுகிறார். விசையை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். விசயை தினமும் அதை ஓட்டிப் பழகினாள். நிறைமாதக் கர்ப்பிணி விமானம் ஓட்டப் பயிற்சி பெறுகிற காட்சி, எனக்குத் தெரிந்தவரை, எந்த நாட்டுப் பழங்கதையிலும் இல்லை.

கட்டியங்காரன் படையோடு சூழ்ந்தான். அரசன் மனைவியை மயிலில் ஏற்றினான். போக மாட்டேன் என்று அவள் அழுதாள். 'உன்னைக் காப்பாற்ற அல்ல, வயிற்றில் இருப்பவனைக் காப்பாற்ற' என்ற முறையில் பேசி அனுப்பினான். அவள் விசையைத் திருகி எழும்பிப் போனாள். அவன் வாளோடு வெளியே போய் மாண்டான். வானத்தில் போய்க்கொண்டிருந்தவளின் காதில் கட்டியங்காரனின் வெற்றி முரசு விழுந்தது. மூர்ச்சையானாள். மயில் மெல்ல இறங்கியது. இறங்கின இடம் சுடுகாடு. அன்று இரவு அங்கேயே குழந்தை பிறந்தது. தோழியின் உருவில் வந்த தெய்வம் ஒன்று, குழந்தையை விட்டுவிட்டு மறைந்திருக்கச் சொன்னது. கந்துக்கடன் என்ற வணிகன், இறந்து பிறந்த தன் பிள்ளையைப் புதைக்க வந்தவன், உயிருள்ள பிள்ளையைக் கண்டு எடுத்தான். எடுத்ததும் குழந்தை தும்மியது. 'சீவ' என்று ஒரு குரல் வாழ்த்தியது. அதுவே பெயராயிற்று.

தாலோஸ் கரையில் நின்று வருகிறவனைக் கொல்லுகிறான். பிரச்சோதனன் யானை ஏமாற்றிப் பிடிக்கிறது. ரோமாபுரிப் பொறிகள் ஓடுகிறவனைத் துரத்துகின்றன. இவையெல்லாம் அரசனின் கை நீண்டு போன மாதிரி. மயிற்பொறி ஒன்றுதான் ராஜ்யம் போனாலும் போகட்டும், பிள்ளை பிழைக்கட்டும் என்று செய்யப்பட்டது. நம் ஊரில் பின்னால் வந்த இயந்திரக் கதைகளில் எவை ஜனங்கள் மனத்தில் நின்றன என்று பார்த்தால், இந்த மயிலின் வம்சத்தைச் சேர்ந்தவைதான் நின்றிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

வடபழனிக்கு வருவோம். கே. வி. ரெட்டி எடுத்த 'மாயா பஜார்' 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. மார்கஸ் பார்ட்லியின் காமிரா. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம். தந்திரமெல்லாம் காமிராவுக்கு உள்ளேயே. கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே போய் விழுந்ததைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை இல்லை. அந்தப் படத்தில் 'பிரியதர்சினி' என்று ஒரு பெட்டி வரும். திறந்து பார்க்கிறவருக்கு மிகப் பிரியமானது எதுவோ அது தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு. இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கிற பெட்டி அதுதான். பிரியமானது மட்டும் தெரிந்தால் தேவலை, பிரியமில்லாததும் நாள் முழுவதும் தெரிகிறது என்பதுதான் வித்தியாசம்.

1963இல் ஒரு விசித்திரமான பொருத்தம். அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து 'ஜேஸனும் ஆர்கோ வீரர்களும்' என்ற படம் வந்தது. ரே ஹாரிஹாஸன் என்ற மேதை சின்னப் பொம்மைகளை அணு அணுவாக நகர்த்திப் படமெடுத்து, தாலோஸை எழுந்து நடக்க வைத்தார். ஏழு எலும்புக்கூடுகள் வாட்போர் செய்கிற ஒரு காட்சிக்கு மட்டும் நாலரை மாதம் உழைத்தாராம். அதே வருஷம் இங்கே காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. ராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்தார் பறக்கும் கப்பலில் வந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதற்கு? பாட்டுக் கற்றுக் கொடுக்க! அவர்களிடம் விஞ்ஞானம் ஏராளம், சங்கீதம் இல்லை. அட்டையும் தகரமும் அங்கங்கே தெரியத்தான் செய்யும். ஆனால் இயந்திரம் மிகுந்த உலகத்துக்கு என்ன குறையும் என்று யோசித்து, 'பாட்டு' என்று பதில் சொன்ன அந்தக் கதைக்காரருக்கு ஒரு நமஸ்காரம்.

நம் மொழியில் சைபர்பங்க் என்று சொல்லத் தகுந்ததைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்ஜினீயராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். 2020களில் நடக்கிறதாகக் கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெற சர்க்கார் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அனுமதி வந்திருக்கிறது. கதையே அங்கேதான் ஆரம்பம். அப்புறம் கணவன் சிபி காணாமற் போகிறான். அவளுக்குக் கடைசிவரை துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கும், வேடிக்கையாகப் பேசும், மெல்ல மெல்லத் தானாகவே யோசிக்கத் தொடங்கும். நாடே பயப்படுகிற ஜீவாவோ வெறும் ஒளிப்படம் என்று பின்னால் தெரிய வரும். வாராவாரம் பாட்டிமாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள் என்றால், ஜீவாவுக்காகப் படிக்கவில்லை, ஜீனோவுக்காகப் படித்தார்கள். ஒதீஸி காவியத்திலும் ஹெபீஸ்தஸ் செய்த பொன் நாய்களும் வெள்ளி நாய்களும் ஓர் அரண்மனை வாசலில் காவல் நிற்கின்றன. பாவம், அவை குரைத்ததாகக்கூடத் தகவல் இல்லை. ஜீனோ அவற்றைவிட வெகு தூரம் போய்விட்டது.

சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமானார். அவரும் வசனத்தில் பங்கு கொண்ட ஷங்கரின் 'எந்திரன்' 2010 அக்டோபர் 1ஆம் தேதி வெளிவந்தது. கடைசி அரை மணி நேரம் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருண்டு சண்டை போட்டதைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு நினைவிருப்பவை வேறு இரண்டு. தீப்பிடித்த கட்டிடத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டது, மானம் என்று ஒன்று உண்டு என்பது அதற்குத் தெரியாது. அவள் ஓடிப்போய் உயிரை விடுகிறாள். பிறகு உணர்ச்சி ஊட்டப்பட்ட அதே சிட்டி, கதாநாயகியின் அக்காளுக்குப் பிரசவத்தில் சிக்கல் ஏற்பட்டபோது குழந்தையைப் பத்திரமாக வெளியே எடுக்கிறது. இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது அந்த இயந்திரத்தின் சரித்திரம். பந்தும் பாம்பும் பணம் செலவழித்து வாங்கியவை.

'கல்கி 2898 ஏ.டி.'யிலும் அப்படித்தான். நாக் அஸ்வின் அதை மகாபாரதத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறார் தெரியுமா? அசுவத்தாமன் உத்தரையின் வயிற்றிலிருந்த சிசுவின் மேல் அஸ்திரத்தை ஏவிய இடத்தில். அதற்காகத்தான் கிருஷ்ணன் அவனைச் சாகாமல் அலையும்படி சபிக்கிறான். எத்தனையோ ஆயிரம் வருஷம் கழித்து, கங்கை வற்றிப்போன காசியில், தலைகீழ்ப் பிரமிட் ஒன்று வானத்தில் தொங்குகிறது. கமல்ஹாசன் ஏற்ற யாஸ்கின் என்ற கிழவன் அதற்குள் இருந்து ஆளுகிறான். கருவுற்ற பெண்களுக்கு எண் கொடுத்து அடைத்துவைத்து, கருவின் ஜீவசத்தை எடுத்துக்கொள்கிறான். ஒருத்தி தப்பி ஓடுகிறாள். அன்று சிசுவைக் கொல்லத் துணிந்த அதே அசுவத்தாமன் இன்று கிழட்டுப் பூதாகாரமாக நின்று அவள் வயிற்றுப் பிள்ளையைக் காக்கிறான். விசயை, நிலா, இவள். இவர்கள் ஒரே பெண்ணின் மூன்று பிறவிகளோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. சண்டை அதிகம், சத்தம் அதற்கு மேல். கதாநாயகன் தன் வண்டியோடு செய்கிற குறும்பில் பாதியை வெட்டியிருக்கலாம். அந்த எண் போட்ட பெண்களின் கூடம் குழந்தைகள் பார்க்கக் கூடியதுதானா என்று பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் என் பத்து வயது மகள் இதற்கெல்லாம் கலங்கவில்லை. பறக்கும் கப்பலையும் லேஸர் துப்பாக்கியையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடைவேளையில் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, அந்தப் பாப்பா நல்லபடியா பொறந்துடுமாப்பா?" என்று கேட்டாள். மூன்று மணி நேரப் படம் முடிந்தபோதும் பாப்பா பிறக்கவில்லை. அடுத்த பாகத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நெடுநல்வாடையில் பாவையைச் செய்த யவனனுக்குப் பெயர் இல்லை. ஏழு நாளில் மயிலைச் செய்து முடித்த கம்மியனுக்கும் திருத்தக்க தேவர் பெயர் சொல்லவில்லை. இப்போது அப்படி இல்லை. படம் முடிந்ததும் கம்ப்யூட்டரில் சித்திரம் தீட்டினவர்கள், கம்பி முடுக்கினவர்கள், சாயம் பூசினவர்கள், தச்சர், கொல்லர் என்று நாலு ஊர்க்காரர்களின் பெயர்களும் பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கில் திரையில் ஏறத் தொடங்கின. அதற்குள் தியேட்டர்க்காரர் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார். வெயில் உள்ளே விழுந்து எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிற்று. ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.